நகராட்சி எதை முதலில் கவனிக்க வேண்டும்? விதி அமலாக்கத்துக்கு முன்னுரிமை வகுக்கும் முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் நடுத்தர நகராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராகப் பணியேற்ற முதல் வாரத்தில் மனுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சு நடைபாதையில் கிடக்கிறது என்று ஆறு மாதத்தில் பதினொரு மனுக்கள் வந்திருந்தன. பதினொன்றிலும் ஒரே கையெழுத்து. எழுதியவர் பக்கத்துக் கடைக்காரர். அதே வாரம் ஓர் அங்கன்வாடியின் பின்புறம் சென்றபோது, கழிவுநீர்த் தொட்டியின் கான்கிரீட் மூடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி உள்ளே சரிந்திருப்பதைக் கண்டேன். யாரோ ஒரு பழைய தகரத்தை அதன் மேல் போட்டு, அது காற்றில் பறக்காமலிருக்கப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த மூடியைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு மனுவும் இல்லை. பெஞ்சுக்காக எங்கள் அலுவலகம் நான்கு முறை ஆள் அனுப்பியிருந்தது. தொட்டிக்காக ஒருமுறைகூட அனுப்பவில்லை.

எல்லா விதிகளையும் எல்லா வார்டுகளிலும் ஒரே வேகத்தில் அமல்படுத்த எந்த உள்ளாட்சி அமைப்பாலும் இயலாது. எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்ற தேர்வு தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மன்றம் கூடி, காரணம் எழுதித் தீர்மானிக்காத ஊரில், அடிக்கடி மனுப் போடுபவரும் தொலைபேசியில் அதட்டுபவரும் அதைத் தீர்மானிக்கிறார்கள். எளிதில் கண்ணில் படுகிற தள்ளுவண்டிக்காரர் முதலில் மாட்டிக்கொள்கிறார். மாமன்ற, நகர்மன்ற, பேரூராட்சி உறுப்பினர்களும், வார்டு குழுவில் இருப்பவர்களும், அமலாக்கப் பிரிவு அலுவலர்களும், குடியிருப்போர் நலச்சங்கத்தினரும் சேர்ந்து அமர்ந்து தங்கள் ஊருக்கான முன்னுரிமைப் பட்டியலை எழுதிக்கொள்வதற்கு உதவும் வகையில் கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: அதிகாரம் யாருடையது என்று பிரித்து எழுதுங்கள்

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டாலும், அதற்குரிய 2023ஆம் ஆண்டு விதிகளோடு சேர்ந்து 2023 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை நகராட்சிகளை 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் சென்னையை 1919ஆம் ஆண்டுச் சட்டமும் ஆண்டன. இன்றும் பல அலுவலகங்களில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை அச்சிட்ட அறிவிப்புப் படிவங்கள் மீந்து கிடக்கின்றன. இல்லாத பிரிவின் கீழ் கொடுத்த அறிவிப்பு மேல்முறையீட்டில் சிக்கலைத் தரும் என்பதால், முன்னுரிமை பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே படிவங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஒரு பதிவேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் உள்ளாட்சி தானே நடவடிக்கை எடுக்கக்கூடியவை: குப்பை, வடிகால் அடைப்பு, கொசு உற்பத்தி, தொழில் உரிமம், அனுமதியற்ற கட்டடம், விளம்பரப் பலகை, தெருவோர விற்பனை, கழிவுநீர் லாரிகளின் உரிமம், தெருவில் திரியும் மாடு. இரண்டாம் பத்தியில் மற்றொரு துறையோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. மூன்றாம் பத்தியில் முற்றிலும் பிற துறைக்குரியவை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிக்கும் ஒலிபெருக்கி 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி காவல்துறை பார்க்க வேண்டிய விஷயம். உணவகத்தில் கெட்ட எண்ணெய் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அதே உணவகத்தின் எச்சில் தண்ணீர் வடிகாலில் விழுந்தால் நகராட்சி. சாயப்பட்டறைக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரிக்கரை ஆக்கிரமிப்புக்கு நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும்.

இப்படிப் பிரிப்பது மனுவைத் தட்டிக்கழிப்பதற்கு அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘இவ்வலுவலகம் சார்ந்ததல்ல’ என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவைப்பது நம் அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கம். மூன்றாம் பத்தியில் வரும் ஒவ்வொரு மனுவையும் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி, அனுப்பிய கடிதத்தின் நகலை மனுதாரருக்கும் கொடுத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு.

இரண்டாம் படி: மனுக்களை மட்டும் நம்பாமல் ஊரைக் கணக்கெடுங்கள்

மனு என்பது ஊரின் நிலைமையைக் காட்டும் ஒரு ஜன்னல்தான். எழுதத் தெரிந்தவர்கள், பகலில் அலுவலகம் வர நேரம் உள்ளவர்கள், செயலியில் புகைப்படம் ஏற்றத் தெரிந்தவர்கள் வாழும் தெருக்களிலிருந்து மனுக்கள் குவியும். வாடகை வீட்டில் இருப்பவர், உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து வாய் திறப்பதில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கொட்டகையில் கழிப்பறை இல்லை என்று எந்த மனுவும் வந்து நான் பார்த்ததில்லை. மனு எண்ணிக்கையை வைத்து மட்டும் வரிசை போட்டால், குரல் உள்ள வார்டு மேலும் சுத்தமாகும். குரல் இல்லாத வார்டு அப்படியே கிடக்கும்.

ஆகவே வேறு சில கணக்குகளையும் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் தரும் காய்ச்சல் நோயாளிகளின் தெருவாரிப் பட்டியல், உரிமம் காலாவதியாகியும் இயங்கும் தொழில்களின் பட்டியல், பழுதடைந்த கட்டடங்களின் பட்டியல், சென்ற மழையில் தண்ணீர் தேங்கிய இடங்கள், தூய்மைப் பணியாளர்கள் வாய்மொழியாகச் சொல்லும் தகவல்கள் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எந்தக் கல்யாண மண்டபம் இரவில் இலைகளை ஓடையில் கொட்டுகிறது, எந்த வீட்டின் மலக்குழாய் நேரே மழைநீர் வடிகாலில் இணைந்திருக்கிறது என்பது விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவில் நிற்கிற பணியாளருக்குத்தான் தெரியும்.

கள ஆய்வு எப்படி ஒரு விஷயத்தின் எடையை மாற்றும் என்பதற்குக் கொசுப்புழு ஆய்வே நல்ல எடுத்துக்காட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை; தெளிந்து தேங்கிய நீரில்தான் இடும். முட்டை கொசுவாகி வெளிவரச் சாதாரணமாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் பார்க்கும் முறை வந்தது. கொல்லைப்புறத்தில் பயன்பாடின்றிக் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழியில் டார்ச் அடித்துப் பார்த்தால், கால் படி மழைநீரில் நூல் துண்டுகள் போலப் புழுக்கள் நெளிவதும், வெளிச்சம் பட்டதும் அடியில் இறங்குவதும் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டை மாடியில் மூடியில்லாத தொட்டி, பஞ்சர் கடையின் பழைய டயர் ஆகியவற்றிலும் இதே கதைதான். நூறு வீடுகளைப் பார்த்ததில் எட்டு வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த நூறு வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் பன்னிரண்டு என்றால் பிரெட்டோ குறியீடு 12. இந்த இரண்டு எண்களையும் தெருவாரியாக எழுதிப் பார்த்தால், சாக்கடை நாற்றம் என்று மனு மேல் மனு வரும் தெருவில் டெங்கு ஆபத்து குறைவாகவும், ஒரு மனுவும் வராத மாடி வீட்டுத் தெருவில் அதிகமாகவும் இருப்பது சில நேரங்களில் வெளிப்படும்.

மூன்றாம் படி: தீங்கின் எடையை அளந்து வரிசைப்படுத்துங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடுநாயகமான படி. ஒவ்வொரு வகை விதிமீறலையும் எடுத்துக்கொண்டு சில கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். இதனால் உயிர் போகுமா, உடல் ஊனமாகுமா? பாதிக்கப்படுபவர் தன்னைக் காத்துக்கொள்ளக்கூடியவரா, அல்லது குழந்தை, நோயாளி, முதியவர், கீழே இறங்கி வேலை செய்யும் தொழிலாளி போன்றவரா? ஒருவருக்கா, ஒரு தெருவுக்கா, ஊருக்கே தீங்கா? இன்று விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துச் சரிசெய்ய முடியுமா, அதற்குள் திரும்பப் பெற முடியாததாகிவிடுமா? மீறுபவர் அறியாமல் செய்கிறாரா, இலாபத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா?

முதல் கேள்வி ஏன் முதலில் நிற்க வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்தின் அனுபவமே போதும். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் சமையல் கூடத்து நெருப்பு ஓலைக் கூரையில் பற்றிப் பள்ளியில் பரவியபோது 94 குழந்தைகள் மாண்டனர். ஓலைக் கூரை ஒளித்து வைக்கப்பட்ட ஒன்றன்று. தெருவில் போகிற எவரும் பார்க்கக்கூடியதாகத்தான் இருந்தது. 2014 ஜூன் 28இல் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். இவை நடந்த பிறகு மாநிலம் முழுவதும் ஆய்வுகள் முடுக்கிவிடப்பட்டன. அந்த முடுக்கத்தை முன்கூட்டியே கொண்டுவருவதற்குத்தான் முன்னுரிமைப் பட்டியல் தேவைப்படுகிறது.

கழிவுநீர்த் தொட்டியை இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். மனிதரைத் தகுந்த பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கி வேலை வாங்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு சில நொடிகளில் ஆளை மயங்க வைக்கும்; காப்பாற்ற இறங்கும் இரண்டாம் ஆளும் அங்கேயே விழுவார். எந்த லாரி எந்த வீட்டில் ஆளை இறக்குகிறது என்பதைக் கண்காணிப்பதற்கு எத்தனை மனு வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஊரில் உள்ள எல்லாக் கழிவுநீர் லாரிகளுக்கும் உரிமம் உள்ளதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், பணியாளர்களுக்குக் கவசம் உண்டா என்பது எந்த நகராட்சியிலும் முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘திரும்பப் பெற முடியுமா’ என்ற கேள்வி கட்டட விஷயத்தில் மிகவும் கைகொடுக்கும். அடித்தளம் போடும்போது நிறுத்தினால் உரிமையாளருக்குச் சில ஆயிரங்கள் நட்டம். வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வந்துவிடுவார். மூன்று தளம் எழும்பி, வீடுகளை விற்று, குடும்பங்கள் குடிவந்த பிறகு நடவடிக்கை எடுத்தால், தவறு செய்த கட்டுநர் போய்விடுகிறார்; கடன் வாங்கி வீடு வாங்கியவர் கதவில் அரக்கு வைக்கப்படுகிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் பணியை நிறுத்தவும் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் தருகின்றன. அந்த அதிகாரத்தைத் தொடக்க நிலையில் பயன்படுத்துவதற்கு, நகரமைப்பு ஆய்வாளர் வாரம் ஒருநாளாவது மனு எதுவும் கையில் இல்லாமல் புதிதாகக் கம்பி கட்டும் இடங்களைச் சுற்றிவர வேண்டும்.

கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நான் அதை விரும்புவதில்லை. மதிப்பெண் போடுகிறவர் நினைத்த விடை வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார். மூன்று நிலைகள் போதும். முதல் நிலை உயிர் ஆபத்து: தகவல் கிடைத்த அன்றே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் நேரில் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலை பலரைப் பாதிப்பவை அல்லது நாளாக ஆகப் பெருகுபவை: ஒரு வாரத்துக்குள். மூன்றாம் நிலை இடைஞ்சல், அழகு, அண்டை வீட்டுத் தகராறு: மாதாந்திரச் சுற்றில் பார்க்கலாம். இந்தக் கால வரம்புகளை ஊரின் ஆள் பலத்துக்கு ஏற்ப மன்றம் மாற்றிக்கொள்ளலாம்; முதல் நிலையின் வரம்பை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

நான்காம் படி: ஆள் பலத்தையும் பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்

பட்டியல் போடுவது எளிது. அதை எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில் செய்வார்கள் என்று எழுதும்போதுதான் உண்மை தெரியும். எடுத்துக்காட்டாக, மூன்று ஆய்வாளர்கள், மாதம் 24 வேலை நாட்கள், கூட்டமும் அறிக்கையும் போக நாளுக்கு மூன்று மணி நேரம் களத்தில் என்று வைத்தால், மொத்தம் 216 மணி நேரம் கிடைக்கும். ஓர் இடத்தைப் போய்ப் பார்த்து, புகைப்படம் எடுத்து, அறிவிப்பு எழுத ஒரு மணி நேரமாகும் என்று கொண்டால், மறு ஆய்வையும் சேர்த்து மாதம் நூறு இடங்களுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க இயலாது. நூற்றைம்பது மனு வரும் ஊரில் ஐம்பது காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பவை எவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

பருவம் இந்த வரிசையை மாற்றும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் என்பது தெரிந்ததே. ஆகவே வடிகால் மேல் கட்டிய படிக்கட்டுகள், இற்றுப்போன கட்டடங்கள், விளம்பரப் பலகைகளின் இரும்புச் சட்டங்கள் ஆகியவற்றை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். நவம்பரில் கொசுப்புழு ஆய்வுக்கே எல்லா ஆட்களும் போய்விடுவார்கள். போகிக்கு முந்தைய வாரம் பழைய டயர் சேகரிப்பு; கோடையில் குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது; ஆடியில் கோயில் திருவிழாக் கடைகள், அன்னதானக் கழிவு. இந்த நாட்காட்டியை ஒரு தாளில் எழுதிச் சுகாதாரப் பிரிவின் சுவரில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்ததுபோல.

ஐந்தாம் படி: நடவடிக்கையின் ஏணியை முடிவு செய்யுங்கள்

எதை முதலில் பார்ப்பது என்பதோடு, பார்த்த பிறகு எந்த அளவுக்குக் கடுமை காட்டுவது என்பதும் முன்னுரிமையின் ஒரு பகுதி. அறிவுரை, எழுத்து மூலமான அறிவிப்பு, அபராதம், பறிமுதல், உரிமம் ரத்து, பூட்டி முத்திரையிடுதல், வழக்கு என்று ஏணி ஒவ்வொரு படியாக ஏறும். அறியாமல் தவறியவரிடம் கீழ்ப்படியில் தொடங்க வேண்டும். உயிர் ஆபத்து என்றால் நேரே மேல்படிக்குப் போகலாம். ஆனால் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும்.

நெகிழித் தடையை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருட்களை மாநில அரசு தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு தழுவிய தடையும் வந்தது. தடை வந்த புதிதில் பல ஊர்களில் சோதனை எப்படி நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பூக்காரரின் கூடையிலிருந்து கால் கிலோ பை எடுக்கப்படும். அபராதம் அவருடைய அன்றைய வருமானத்தை விழுங்கும். மறுநாள் அதே பை அதே மொத்த வியாபாரியிடமிருந்து அதே விலைக்குக் கிடைக்கும். நூறு பூக்காரரைப் பிடிக்கும் நேரத்தில் ஒரு கிடங்கைப் பிடிக்கலாம். கிடங்கு எங்கே என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போவதற்குக் காவல்துறையின் துணையும், ஆணையரின் எழுத்து மூலமான உத்தரவும், ஆய்வாளருக்கு மன உறுதியும் வேண்டும் என்பதுதான் வேறுபாடு. ஆகவே தீர்மானத்திலேயே வரிசையை எழுதிவிடுங்கள்: முதலில் உற்பத்தி, கிடங்கு, மொத்த விற்பனை; அடுத்துப் பெரிய கடைகளும் உணவகங்களும்; தெருவோரச் சிறு வியாபாரியிடம் முதல் இரண்டு முறை அறிவுரையும் மாற்றுப் பொருள் கிடைக்கும் இடமும் மட்டும். குப்பையிலும் இதே நியாயம் பொருந்தும். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உருவாக்குவோரை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனி வகையாக அடையாளம் காட்டின. அந்தக் கல்யாண மண்டபங்களும் அடுக்குமாடிகளும் உணவகங்களும் தரம் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினால், ஒற்றை அறைக் குடித்தனத்தின் பக்கெட்டைத் துழாவுவதைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும்.

தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தை மறந்து எடுக்கும் நடவடிக்கை எதுவும் நிலைக்காது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. இடம் மாற்ற 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால் அழுகக்கூடிய பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். தக்காளிக் கூடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலக வளாகத்தில் அழுகவிட்ட காட்சியை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படியும் மனசாட்சிப்படியும் அது தவறு. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு அகலம் விட்டு வியாபாரம் செய்யலாம் என்பதை அந்தக் குழுவில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால், முதலில் சொன்ன தேநீர்க் கடைப் பெஞ்சு போன்றவற்றில் பெரும்பகுதி அமலாக்கத்துக்கு வராமலே தீரும்.

இடிப்பு என்பது ஏணியின் கடைசிப் படி. 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு காரணம் கேட்கும் அறிவிப்பு தராமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது. பொதுச் சாலை, நடைபாதை, இருப்புப்பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும் நீதிமன்றமே இடிக்க ஆணையிட்டவற்றுக்கும் இது பொருந்தாது. அந்த விதிவிலக்கை அவசரத்துக்குச் சாக்காகக் கொள்ளாமல், குடியிருப்பு என்றால் மாற்றிடம் பற்றி வருவாய்த் துறையோடு பேசிய பிறகே நாள் குறிப்பது முறை.

ஆறாம் படி: மன்றத்தில் தீர்மானமாக்குங்கள்

அலுவலரின் மேசைக்குள் இருக்கும் பட்டியல் அவர் மாறுதலாகிப் போனதும் அவரோடு போய்விடும். ஆகவே அதை மன்றப் பொருளாக வைத்து, விவாதித்து, தீர்மான எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் வகுத்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்படுகின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வரைவுப் பட்டியலை முதலில் பகுதி சபையில் வாசித்துக் காட்டுங்கள். ‘உங்கள் வார்டில் உயிருக்கு ஆபத்தானவை எவை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘குறைகளைச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் தெருவிளக்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

தீர்மானத்தில் நான்கு செய்திகளாவது இருக்கட்டும்: மூன்று நிலைகளும் அவற்றில் அடங்கும் மீறல்களும்; ஒவ்வொரு நிலைக்குமான கால வரம்பு; நடவடிக்கை ஏணி; விதிவிலக்கு அளிப்பவர் யார், காரணத்தை எங்கே பதிவார் என்பது. இத்துடன் ஒரு வரம்பையும் தெளிவாக எழுதுங்கள். கொள்கையை மன்றம் வகுக்கும். குறிப்பிட்ட ஒரு கடைக்கோ வீட்டுக்கோ அபராதம் விதிப்பதையும் விடுவதையும் அலுவலர் முடிவு செய்வார். உறுப்பினரோ அவருடைய உறவினரோ சம்பந்தப்பட்ட இடம் என்றால், வேறு வார்டின் ஆய்வாளரை அனுப்ப வேண்டும். ‘அண்ணே, நம்ம பையன் கடைதான், பார்த்துக்குங்க’ என்ற ஒரு தொலைபேசி அழைப்பு மொத்தப் பட்டியலையும் செல்லாக்காசாக்கிவிடும். நல்ல உறுப்பினர்களுக்கும் இந்த வரம்பு ஒரு கவசம். ‘தீர்மானம் அப்படி இருக்கிறதே, நான் என்ன செய்ய’ என்று வேண்டியவர்களிடம் சொல்லி அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பதிவு செய்து, திரும்பப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு போதும். அபராதத் தொகை எவ்வளவு வசூலானது என்பதை வெற்றியின் அளவாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எளிதில் வசூலாகும் இடத்துக்கே ஆட்கள் போவார்கள். முதல் நிலை மனுக்களில் எத்தனை 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டன, மறு ஆய்வில் எத்தனை இடங்கள் சரியாகியிருந்தன, மனுவே வராத வார்டுகளில் எத்தனை ஆய்வுகள் நடந்தன என்ற மூன்று எண்கள் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தகவல்களைத் தானாக முன்வந்து வெளியிடச் சொல்கிறது. ஆகவே இந்த எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். யாரும் மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, காத்திருப்பில் வைக்கப்பட்ட மனுவுக்கான பதில் கடிதம். இதைத்தான் அலுவலகங்கள் எழுதத் தயங்குகின்றன. பதில் வராததால்தான் ஒரே மனு பதினொரு முறை வருகிறது. சொற்கள் இப்படி இருக்கலாம்: ‘தங்கள் மனு பெறப்பட்டது. நடைபாதையில் இருக்கை வைத்திருப்பது குறித்த தங்கள் புகார், மன்றத் தீர்மானத்தின்படி மூன்றாம் நிலையில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தற்போது மழைக்கால முன்னேற்பாட்டுப் பணிகளில் ஆய்வாளர்கள் ஈடுபட்டிருப்பதால், அடுத்த மாதச் சுற்றாய்வில் அவ்விடம் பார்வையிடப்படும். அதற்குள் நடப்பவர்கள் சாலையில் இறங்க நேர்ந்து விபத்து ஏற்படும் நிலை இருப்பின், புகைப்படத்துடன் தெரிவிக்கவும். மனு முதல் நிலைக்கு மாற்றப்படும். பார்வையிட்ட பின் எடுத்த நடவடிக்கை தங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்.’ கீழே ஆய்வாளரின் கையெழுத்தும், பார்வையிட வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பதிவேட்டிலும் சிவப்பு மையில் குறித்துவிட்டு, அடுத்த மனுவை எடுங்கள்.